மூன்றாம் வருஷத்து மாணவி

துலாரி, கலிபோர்னியா
1997 செப்டம்பர் 21

என் டுவார்ட்டேக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. ஏழு வாரமாகக் கடிதம் போடாத பிள்ளை நன்றாகத்தான் இருப்பான். ஏதாவது ஆகியிருந்தால் கடற்படைக்காரர்கள் இதற்குள் என் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். ஜப்பானில் தபால் தலைக்குப் பஞ்சம் என்றால் சொல், இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

போர்த்துக்கீசிய மண்டபத்துத் திருவிழா போன ஞாயிறு முடிந்தது. இந்த வருஷமும் என்னைப் பெரிய அண்டாவின் முன்னால்தான் நிறுத்தினார்கள். நானூறு பேருக்கு மாட்டுக்கறிக் குழம்பு. ஒரு கையால் கிண்டிக்கொண்டே இன்னொரு கையில் கால்குலஸ் புத்தகம் வைத்திருந்தேன். உன் செராஃபிம் மாமா பார்த்துவிட்டு, "ஏம்மா ஓடிலியா, குழம்புல எவ்வளவு உப்புன்னு அதுல போட்டிருக்கா?" என்றார். "எவ்வளவு வேகமா உப்பு கரையுதுன்னு போட்டிருக்கு அண்ணே" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பால் தொழிற்சாலை லேப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். பெயர் கர்ட்டிஸ், வயது இருபத்துமூன்று. நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. டேங்கரிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுப்பதற்கு முன் பாலைக் கலக்கிவிட வேண்டும் என்பதைக்கூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டிசம்பரிலிருந்து அவன் எனக்கு மேலாளர். அவனிடம் பட்டம் இருக்கிறது, என்னிடம் பதினாறு வருஷம் இருக்கிறது. இதோடு மூன்று மேலாளர்களுக்கு நான் வேலை கற்றுக் கொடுத்தாயிற்று. நாலாவது ஆளுக்குக் கற்றுக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நம்ம ஊர் சமுதாயக் கல்லூரியில் ஐந்து வருஷமாக ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பாடமாக எடுத்து முதல் இரண்டு வருஷப் படிப்பை முக்கால்வாசி முடித்துவிட்டேன். மீதி வரும் மே மாதம் முடிகிறது. நவம்பரில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். கிடைத்தால் நேராக மூன்றாம் வருஷத்தில் போய் உட்காருவேன். உணவு அறிவியல். இரண்டே வருஷம். நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் முப்பத்தாறு வயதில். பல்கலைக்கழக வாசலையும் மிதித்துவிடுகிறேனே.

கிடைக்குமா என்று கேட்காதே. கிடைக்கும். வேதியியலில் எனக்கு ஏ.

உன் அம்மா,
ஓடிலியா

•

யொக்கொசுக்கா
1997 அக்டோபர் 26

அன்புள்ள அம்மா,

தபால் தலைக்குப் பஞ்சமில்லை, வெட்கம்தான். எழுத ஒன்றுமே இல்லாதபோது எழுத வெட்கமாக இருக்கிறது. எழுந்தோம், இஞ்சின் ரூமுக்குப் போனோம், வியர்த்தோம், தூங்கினோம். இதை எத்தனை தடவை எழுதுவது?

உன் கடிதத்தை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். குழம்பு விஷயத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மேலதிகாரி டிரெவினோ, "உங்கம்மா உன் வேலைக்கு வந்திருந்தா கப்பல் இன்னும் வேகமா போயிருக்கும்டா" என்றார். நான் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறேன் அம்மா. பள்ளிக்கூடம் முடித்ததோடு சரி, காலேஜ் என்றால் என்னவென்றே தெரியாதவள், முப்பத்தாறு வயதில் தானாகப் போய்ச் சேர்ந்து எல்லாவற்றிலும் ஏ வாங்குகிறாள் என்று. அவர்களுக்கெல்லாம் அம்மா என்றால் பார்சலில் பிஸ்கட் அனுப்புகிறவள்தான். (நீ பிஸ்கட் அனுப்பி மூன்று மாதம் ஆகிறது என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.)

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆகஸ்ட்டில் எனக்கு நாலு வருஷம் முடிகிறது. நேராக வீட்டுக்குத்தான் வருவேன். ஒரு மாதம் தூங்குவேன். அதற்குப் பிறகு டீசல் மெக்கானிக் வேலை எங்கேயாவது கிடைக்கும். டேவிஸ் நம் வீட்டிலிருந்து நாலு மணி நேர ஓட்டம் இல்லையா? வாரம் முழுக்க அங்கேயே தங்குவாயா, போய் வருவாயா?

சும்மா கேட்டேன். நீ முதலில் விண்ணப்பத்தைப் போடு.

உன்
டுவார்ட்டே

•

துலாரி
1997 டிசம்பர் 3

என் டுவார்ட்டேக்கு,

பிஸ்கட் பார்சல் தனியாக வருகிறது. டிரெவினோவுக்கும் கொடு. அந்த மனிதருக்கு விவரம் தெரிகிறது.

விண்ணப்பம் போட்டாயிற்று. கடைசி நாளுக்கு முந்தின நாள் தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் பதினோரு பேர். பாதிப் பேர் கையில் அதே உறை. என் கால்குலஸ் வகுப்புப் பையன் ஒருவனும் நின்றான். பல்லில் கம்பி போட்ட பையன். "மிஸஸ் டோஸ்ட்டே, உங்க பையனுக்காகப் போடுறீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா, எனக்குத்தான். நீ யாருக்காகப் போடுறே?" என்றேன். அவன் காது சிவந்துவிட்டது. பாவம், மாலையில் அவனுக்கு இரண்டு கணக்கு சொல்லிக் கொடுத்தேன்.

கட்டுரை இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் மூன்று மேலாளர்களைப் பற்றி எழுதினேன். எங்கள் மாணவர் ஆலோசகர் ஷெங் லோரிடம் காட்டினேன். சின்னப் பெண்தான், முப்பதுகூட இருக்காது. ஆனால் எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், எதை ஒதுக்கித் தள்ளும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறாள். படித்துவிட்டு, "இதைப் படிக்கிறவங்க உங்களை எடுக்கலேன்னா, நீங்க பாடம் எடுக்க வேண்டிய நாலாவது மேலாளர் அவங்கதான்" என்றாள்.

எத்தனை கேள்விகள் தெரியுமா? பிறந்தது முதல் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அது பழைய கதை, இதற்குச் சம்பந்தமில்லை.

போய் வருவதா என்று கேட்டிருந்தாய். நாலு மணி நேரம் போய் நாலு மணி நேரம் வந்தால் வகுப்பில் தூங்கத்தான் முடியும். அங்கேயேதான் தங்க வேண்டும். அது கிடைத்த பிறகு பேசுவோம். முதலில் கிடைக்கட்டும். (கிடைக்கும்.)

உன் அம்மா,
ஓடிலியா

•

துலாரி
1998 ஜனவரி 18

என் டுவார்ட்டேக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாதே.

பத்து நாளாக மூடுபனி. வாசலில் நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. டேங்கர்கள் எல்லாம் மூன்று மணி நேரம் தாமதமாக வருகின்றன. போன செவ்வாய்க்கிழமை வந்த ஒரு டேங்கரில் மாட்டு மருந்து இருந்தது. உனக்குத் தெரியும், ஊசி போட்ட மாட்டின் பாலை சில நாள் தனியாக வைக்க வேண்டும். யாரோ மறந்து கலந்துவிட்டார்கள். நாலு பண்ணைப் பால் அந்த டேங்கரில். எது என்று பார்க்க, ஏற்றும்போதே பண்ணைவாரியாக எடுத்து வைத்த நாலு மாதிரியையும் தனித்தனியாகச் சோதித்தேன். மூன்று சுத்தம். நாலாவது செராஃபிம் மாமாவுடையது.

அவர் பனியில் ஓட்டிக்கொண்டு வந்து லேப் ஜன்னலில் நின்றார். கர்ட்டிஸ் அன்று விடுப்பு. நான் மட்டும்தான்.

"ஓடிலியா, ஒரே ஒரு மாடு. டேங்கர் முழுக்க இருக்கிற பால்ல அது எம்மாத்திரம்?"

"கருவி காட்டுது அண்ணே."

"கருவிதானே காட்டுது. நீ எழுதினாத்தானே மத்தவனுக்குத் தெரியும்? நீ பிறந்தப்போ கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் உனக்கு ஞானத்தகப்பனா நின்னது எங்கப்பா."

"அதுக்காக உங்கப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறேன். பாலைக் கொட்டத்தான் வேணும்."

"உனக்குப் படிப்பு தலைக்கு ஏறிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேச்சில்லை. டேங்கர் முழுவதையும் கொட்டினோம். எனக்கு வருத்தம்தான். ஆனால் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பேனா ஓடாமல் நின்றது அன்று சாயங்காலம். வீட்டுக்கு வந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம். இலையுதிர்காலப் பாடங்களின் மதிப்பெண்களை எழுதி அனுப்ப வேண்டும். அதன் அடியில் ஒரு வரி: பள்ளி முடித்த பிறகு நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளையும் தெரிவித்துவிட்டீர்களா? ஆம், இல்லை, கையெழுத்து.

நான் காலியாக விட்ட கட்டம் அதுதான் டுவார்ட்டே. நம்ம ஊர் காலேஜ் என் முதல் காலேஜ் இல்லை. 1975இல், எனக்குப் பத்தொன்பது வயதில், டர்லாக் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். நாலு பாடம். அப்போதுதான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், நீ வயிற்றில் வந்தாய். அதோடு போகவில்லை. போகாமல் நின்றுவிட்டால் பெயரைத் தானாக எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அலுவலகத்தில் போய்ப் படிப்பை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வகுப்பில் இல்லாதவளுக்கு நாலு பாடத்திலும் தோல்வி போட்டு, அந்தக் காகிதத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்று பீற்றிக்கொண்டேன். அது நினைக்க நினைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

லோரிடம் போய்ச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதை மறைச்சு, அங்க சேர்ந்தப்புறம் தெரிஞ்சா, பாதியிலயே வெளிய அனுப்பலாம். இப்பவே சொன்னா, வேண்டாம்னு சொல்லலாம். நவம்பர்ல ஏன் எழுதலேன்னும் கேப்பாங்க. உங்க இஷ்டம் மிஸஸ் டோஸ்ட்டே" என்றாள்.

காலையில் செராஃபிம் அண்ணனுடைய பாலைக் கொட்டிவிட்டு சாயங்காலம் அந்தக் கட்டத்தில் ஆம் என்று கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. இல்லை என்று போட்டு, நடந்ததை ஒரு பக்கம் எழுதி இணைத்து, பழைய காலேஜுக்கும் எழுதி மதிப்பெண் காகிதத்தை அனுப்பச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும். இன்னும் எனக்குக் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது, அதை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் அம்மா,
ஓடிலியா

•

கடலில்
1998 மார்ச் 2

அன்புள்ள அம்மா,

யாருக்கும் காட்டவில்லை. டிரெவினோ மட்டும் என் முகத்தைப் பார்த்து, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

முதலில் கோபம் வந்தது. இத்தனை பேரிடம் பெருமை அடித்தேனே, எல்லாம் பொய்யா என்று. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1975 இலையுதிர்காலம். நான் ஜூனில் பிறந்தேன். அப்படியானால் என்னால்தான். நான் வராமல் இருந்திருந்தால் உனக்கு இருபத்திரண்டு வயதிலேயே பட்டம் கிடைத்திருக்கும். அந்த மூன்று மேலாளர்களுக்கும் நீ மேலாளராக இருந்திருப்பாய். இஞ்சின் ரூமில் எட்டு மணி நேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே சத்தத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது.

இதை நீ ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படிக்காத நாட்களில்கூடச் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை.

நீ சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய காகிதத்தை யார் தேடப் போகிறார்கள்? ஆனால் செராஃபிம் மாமாவிடம் அப்படிச் சொன்னவள் வேறு எப்படிச் செய்வாய்.

கிடைக்காவிட்டால் கவலைப்படாதே. ஆகஸ்ட்டில் நான் வந்துவிடுவேன். நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா.

டுவார்ட்டே

•

துலாரி
1998 மே 2

என் டுவார்ட்டேக்கு,

உட்கார்ந்துகொள். கிடைத்துவிட்டது.

முந்தாநாள் தபால் பெட்டியில் உறை பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தது. ஒல்லியான உறை என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது ஒரே தாள். இது என் கட்டைவிரல் தடிமன். வாசலிலேயே நின்று பிரித்தேன். ‘அன்புள்ள செல்வி டோஸ்ட்டே’ என்று போட்டிருந்தார்கள், அந்த ஒரு தவறை மன்னித்துவிட்டேன். உணவு அறிவியல், மூன்றாம் வருஷம். பழைய காகிதம் கையில் கிடைத்ததாகவும், என் விளக்கத்தைப் படித்ததாகவும், இப்போது படிக்கும் பாடங்களை இதே தரத்தில் முடிக்க வேண்டும் என்றும் ஒரு பத்தி. அவ்வளவுதான்.

லோர் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "எனக்குத் தெரியும்" என்றேன். "எனக்குத் தெரியாது, அதான் அழுறேன்" என்றாள். கர்ட்டிஸ் லேப்பில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தான். பிறகு தனியாக வந்து, "ஓடிலியா, அடுத்த ஆளுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க?" என்றான். "நீதான் மேலாளர்" என்றேன்.

இனி வேலை நிறைய இருக்கிறது. ஜூன் ஒன்றாம் தேதிக்குள் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். ஜூலை முப்பத்தொன்றோடு, அப்பா இல்லாமல் நாம் இருவரும் இருந்த இந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லப் போகிறேன். டேவிஸில் ஒரு அறை, ஒரு கூடம் உள்ள இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துப் பால்பண்ணை லேப்பில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலையும் இருக்கிறதாம்.

உன் அறையில் பதினான்கு வருஷத்துச் சாமான் இருக்கிறது. எதை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று உடனே எழுது. அந்த உடைந்த மோட்டார் சைக்கிளை நீ வேண்டும் என்று சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் அம்மா,
ஓடிலியா டோஸ்ட்டே, மூன்றாம் வருஷம்

•

யொக்கொசுக்கா
1998 மே 13

அன்புள்ள அம்மா,

வாழ்த்துகள். இதை மனசாரச் சொல்கிறேன். டிரெவினோவிடம் சொன்னபோது அவர் குரலை உயர்த்தி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

இனிமேல் எழுதப்போவதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

அம்மா, ஒரு வருஷம் தள்ளிப்போட முடியாதா?

நாலு வருஷமாக எனக்கு மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன், நடுவில் நான் என்று தூங்குகிறேன். கையை நீட்டினால் இரும்பு. வீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று லாக்கர் கதவின் உள்பக்கம் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடிக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு வீடு என்றால் துலாரியில் என் அறைதான். நீ அடுக்களையில் ரேடியோவை வைத்துக்கொண்டு போர்த்துக்கீசிய மொழியில் அதோடு சண்டை போடுவதுதான். நீ டேவிஸுக்குப் போய்விட்டால் நான் கப்பலை விட்டு இறங்கி எங்கே போவேன்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த முகவரிக்கு வருவேன்?

ஒரே ஒரு வருஷம். நான் வேலை பார்த்து நிலைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ போ. உன்னை எடுத்தவர்கள் அடுத்த வருஷமும் எடுக்கத்தானே போகிறார்கள்?

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். நான் பிறந்ததற்கே நீ ஒரு தடவை படிப்பை விட்டாய். இன்னொரு தடவை கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன்
டுவார்ட்டே

•

துலாரி
1998 மே 25

என் கண்ணே டுவார்ட்டே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வேதியியல் இறுதித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. உன்னைப் போர்த்திப் படுக்க வைக்க வேண்டும் போல இருந்தது. இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு மணி நேரம் நிஜமாகவே நினைத்தேன். லோரிடம் போனில் கேட்டேன். இடம் காத்திருக்காதாம். அடுத்த நவம்பரில் மறுபடியும் அதே வரிசையில் போய் நிற்க வேண்டுமாம்.

அதற்காக நான் மறுக்கவில்லை. வேறு காரணம் இருக்கிறது. ஜனவரியில் நான் உனக்கு எழுதியது முழு உண்மை இல்லை.

1975இல் நான் வகுப்புக்குப் போவதை நிறுத்தியது அக்டோபர் முதல் வாரம். நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது நவம்பரில். இந்த இரண்டு தேதியையும் நான் யாரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. என்னிடமே சொன்னதில்லை.

நடந்தது இதுதான். முதல் வேதியியல் தேர்வு. அந்த வாத்தியாருக்கு ஒரு பழக்கம், தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, அதிகம் வாங்கியவனிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் போய் வாங்கி வந்தார்கள். நான் கடைசி. நூற்றுக்கு இருபத்தேழு. பண்ணை வீட்டுப் பெண், பேச்சில் போர்த்துக்கீசிய வாடை வேறு, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு அப்படியே வாசல் வழியாக வெளியே போனேன். பஸ் ஏறினேன். அவ்வளவுதான் என் படிப்பு. பயந்து ஓடினேன் டுவார்ட்டே. வேறு ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து நீ வந்தாய். அம்மா, மாமியார், உன் அப்பா, எல்லாரும், "பாவம், பிள்ளை வந்துடுச்சு, படிப்பை விட்டுட்டா" என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? பயந்தவள் என்பதைவிடத் தியாகி என்று பெயர் வாங்குவது சுலபம். இருபத்திரண்டு வருஷம் ஒரு கைக்குழந்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜனவரியில் அந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்தபோது லோர், "கர்ப்பம்னு எழுதுங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றாள். எழுதினேன். படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு, இருபத்தேழு மதிப்பெண் வாங்கி வெட்கத்தில் ஓடிவிட்டேன், விலகல் எழுதிக் கொடுக்கக்கூட அந்த வாசலுக்குத் திரும்பிப் போகத் தைரியமில்லை, நவம்பரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதும் அதே வெட்கத்தில்தான் என்று எழுதினேன். முன்பின் தெரியாத பல்கலைக்கழகத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளைக்குப் பழைய பொய்யையே எழுதினேன். ‘என்னால்தான்’ என்று நீ மார்ச்சில் எழுதியதைப் படித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், டேவிஸுக்குப் போவதற்கு இல்லை.

நீ எனக்கு எதையும் நிறுத்தவில்லை. உனக்காக நான் எதையும் விடவில்லை. நீ பிறந்தபோது எனக்கு விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அதை நானே விட்டிருந்தேன். நீ வந்தது எனக்கு நல்லதுதான், அந்த வருஷம் எனக்கு நடந்த ஒரே நல்லது.

இப்போது உனக்காக ஒரு வருஷம் நின்றால், மறுபடியும் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன். எனக்கு என்னைத் தெரியும். அடுத்த நவம்பரில் ஒரு காரணம் வரும், அதற்கடுத்த நவம்பரில் இன்னொன்று. உனக்கு முப்பது வயதாகும்போது, ‘உனக்காகத்தான் நின்றேன்’ என்று ஒரு நாள் உன் தலையில் கொட்டுவேன். அதை நான் செய்யமாட்டேன்.

இன்று மதியம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். முடியாது கண்ணே. உனக்கு நான் முடியாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்.

முகவரி கேட்டாய். உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அறையில் நான், கூடத்தில் ஒரு சோஃபா. எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கு. ஆனால் காலை எட்டு மணிக்கு நான் வகுப்புக்குப் போய்விடுவேன், காபியை நீயே போட்டுக்கொள்ள வேண்டும்.

உன் அம்மா,
ஓடிலியா

•

யொக்கொசுக்கா
1998 ஜூன் 9

அம்மா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உன்மேல் கோபம். முடியாது என்று சொன்னதற்கு ஒரு நாள், பொய் சொன்னதற்கு ஒரு நாள். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, வந்து சண்டை போடுகிறேன், தயாராக இரு.

மூன்றாம் நாள் இஞ்சின் ரூமில் இருக்கும்போது, மார்ச்சிலிருந்து எனக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டே இருந்தது, அது இல்லை என்று தெரிந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. டிரெவினோ, "ஏன்டா சிரிக்கிறே?" என்றார். "எங்கம்மா கெமிஸ்ட்ரில இருபத்தேழு வாங்கியிருக்கா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் போடாதே, செராஃபிம் மாமா கொட்டகையில் வை. நீயே போய்க் கேள், அப்படியாவது அவரோடு பேசு.

ஆகஸ்ட் இருபதாம் தேதி வருகிறேன். என் உயரம் ஆறு அடி ஒரு அங்குலம். சோஃபாவை அளந்து எழுது.

டுவார்ட்டே